உள்ளிருந்தே மறுத்தவர்கள்: உட்டாவின் முற்போக்கு மோர்மன் பெண்கள்

1979 டிசம்பர் 1, சனிக்கிழமை இரவு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா புறநகர் ஒன்றில், ஒரு மோர்மன் தேவாலயத்துக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏந்திய பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு விசாரணை. நீதிபதி இடத்தில் உட்கார்ந்திருந்தவர் சபையின் பிஷப். விசாரிக்கப்பட்டவர் சோனியா ஜான்சன், வயது 43. நான்கு பிள்ளைகளின் தாய், கல்வியியலில் முனைவர், ஐந்தாம் தலைமுறை மோர்மன். அந்தச் சபையில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்தவரும் அவர்தான்.

சில நாட்களில் கடிதம் வந்தது: சபையிலிருந்து நீக்கம். அமெரிக்க அரசியலமைப்பில் ஆண்-பெண் சம உரிமையைச் சேர்க்கும் திருத்தத்துக்காக அவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சபையின் தலைமை அந்தத் திருத்தத்தை எதிர்த்தது. திருத்தத்தை ஆதரித்ததற்காக நீக்கவில்லை, சபைத் தலைமையின் மீதும் அதன் ஊழியத்தின் மீதும் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் குலைத்ததற்காகவே நீக்கினோம் என்று சபை சொன்னது. அந்த வேறுபாடு சோனியாவுக்குப் புரியவில்லை; எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

இந்தக் கதையை முதலில் படித்தபோது என் மனத்தில் தங்கியது அந்த ஆர்கன். பழமைவாத ஊரில் முற்போக்குப் பெண் என்றால், வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பி, ஊரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒருத்தியை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மோர்மன் பெண்களின் வரலாறு வேறு மாதிரி. அங்கே தண்டிக்கப்பட்டவர்களில் பலர் ஊரோடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தவர்கள். பாட்டுக்கு வாசித்தவர்கள், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர்கள், துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப் போனவர்கள். வெளியாள் பேசினால் ஊருக்கு வலிக்காது. வீட்டுப் பெண் பேசினால்தான் வலிக்கும்.

*

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் மோர்மன் சபையின் முழுப் பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தோன்றியது. துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு மேற்கே போன அந்த மக்கள், 1847-ல் ராக்கி மலைகளுக்கு நடுவே உப்பு ஏரிக் கரையில் குடியேறினார்கள். அதுதான் இன்றைய உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. மாநில சட்டமன்ற உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் இந்தச் சபையினர். கடைசியாக ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு உட்டா தன் அதிபர் வாக்குகளை அளித்தது 1964-ல். பியூ ஆய்வு மையம் 2014-ல் நடத்திய கணக்கெடுப்பின்படி, அமெரிக்க மோர்மன்களில் 70 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சியின் பக்கம். ஜனநாயகக் கட்சியின் பக்கம் 19.

அந்த 19-ல் ஒருத்தியாக இருப்பது எப்படிப்பட்டது என்று தெரிய, வார்டு என்ற அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வார்டு என்பது சில நூறு பேர் கொண்ட சபை. எந்த வார்டுக்குப் போவது என்பதை உங்கள் வீட்டு முகவரி தீர்மானிக்கிறது. பிடித்த போதகரைத் தேடி வேறு தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. உட்டாவின் பல பகுதிகளில் வார்டும் தெருவும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரும் பெண்தான் திங்கட்கிழமை உங்கள் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறாள். பிஷப் சம்பளம் வாங்கும் குருவல்லர்; பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்த்துக்கொண்டு சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமக்கும் அண்டை வீட்டுக்காரர். சடங்குகளை நடத்தும் அதிகாரமான ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது கிடைக்கிறது, அவன் பாட்டிக்குக் கிடைப்பதில்லை.

பெண்களுக்கென்று ஒத்தாசைச் சங்கம் இருக்கிறது. 1842-ல் தொடங்கியது, உலகின் பழமையான பெண்கள் அமைப்புகளில் ஒன்று. பிள்ளை பெற்ற வீடு, நோயாளி இருக்கும் வீடு, வேலை போன வீடு எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் முதலில் வருவார்கள். உட்டாவில் ‘துக்க வீட்டு உருளைக்கிழங்கு’ என்றே ஒரு பண்டம் உண்டு. துருவிய உருளைக்கிழங்கில் சீஸும் புளித்த கிரீமும் கெட்டியான சூப்பும் கலந்து, மேலே கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கித் தூவி, அடுப்பில் வேகவைத்து, பெரிய கண்ணாடித் தட்டோடு அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டார் சோறாக்கி அனுப்பும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தட்டின் அருமை புரியும். இப்படிப்பட்ட ஊரை விட்டுப் போ என்று வெளியிலிருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இழப்பு என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஊர் பெண்ணைக் கட்டுப்படுத்தும் முறையும் அதே நெருக்கத்தின் வழியாகத்தான் வருகிறது. யாருக்கு வாக்களித்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அரசியல் கட்சிகளில் நடுநிலை என்பதே சபையின் அதிகாரபூர்வ நிலை. ஆனால் ஆலயப் பரிந்துரை என்று ஒரு சிறு அட்டை இருக்கிறது. ஞாயிறு வழிபாடு எல்லாருக்கும் திறந்தது. புனிதமான ஆலயத்துக்குள் போக மட்டும் அந்த அட்டை வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிஷப்பின் அறையில் நேர்காணல் நடக்கும். விசுவாசம், வருமானத்தில் பத்திலொரு பங்கு காணிக்கை, மது, புகையிலை, தேநீர், காபி விலக்கு, சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்பது என்று கேள்விகள் போகும். சபையின் போதனைக்கு முரணானவற்றை ஆதரிக்கிறாயா என்ற கேள்வியும் உண்டு. முற்போக்குப் பெண்ணின் நெஞ்சு படபடப்பது அந்த இடத்தில்தான். அவள் எழுதிய கட்டுரை, கலந்துகொண்ட ஊர்வலம், வீட்டு முன் நட்ட தேர்தல் பலகை ஆகியவை அந்தக் கேள்விக்குள் அடங்குமா என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். ஒரு பிஷப் சிரித்துக்கொண்டே கையெழுத்திடுவார். அடுத்த தெருவில் இன்னொருவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அட்டை போனால் என்ன போகிறது? மகளின் திருமணம் போகிறது. மோர்மன்களுக்கு உயர்ந்த திருமணம் ஆலயத்துக்குள் நடப்பது; அட்டையில்லாத தாய்க்கு அங்கே இடமில்லை. உட்டாவில் எத்தனையோ தாய்மார் மகளின் கல்யாண நாளில் புதுப் புடவைக்கு நிகரான தங்கள் நல்ல உடையை உடுத்திக்கொண்டு ஆலயத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்து, முடிந்து வெளியே வந்த மகளைக் கட்டிக்கொண்டார்கள். முதலில் வெளியே எல்லாரும் பார்க்க ஒரு திருமணத்தை நடத்தினால், ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் இருந்தது. அது 2019 மே மாதத்தில்தான் நீங்கியது. அதுவரை ஒரு பெண் தன் கருத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது, தராசின் மறுதட்டில் இருந்தது மகளின் கல்யாணம்.

*

இதே மக்கள்தான் அமெரிக்காவில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை தந்தவர்களில் அடங்குவர் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. உட்டா பிரதேசம் 1870 பிப்ரவரி 12 அன்று பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. இரண்டே நாட்களில், பிப்ரவரி 14 அன்று, சால்ட் லேக் சிட்டி நகராட்சித் தேர்தலில் செராஃப் யங் என்ற 23 வயது ஆசிரியை வாக்களித்தார். வயோமிங் சில வாரங்களுக்கு முன்பே சட்டம் போட்டிருந்தாலும், சம வாக்குரிமைச் சட்டத்தின்படி வாக்குப்பெட்டியை முதலில் அடைந்தவர் இவர்தான்.

அப்போது மோர்மன் ஆண்கள் பலதார மணம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்களிடம் வாக்கைக் கொடுத்தால் அவர்களே இந்த வழக்கத்தை ஒழித்துவிடுவார்கள் என்று கிழக்கே இருந்த சீர்திருத்தவாதிகள் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது. மோர்மன் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் சபையின் பக்கம் நின்றார்கள். கடைசியில் 1887-ல் பலதார மணத்தை ஒடுக்கும் சட்டத்தோடு சேர்த்து உட்டா பெண்களின் வாக்குரிமையையும் அமெரிக்க நாடாளுமன்றம் பறித்தது. பெண்களை விடுவிக்கிறோம் என்று சொன்னவர்களே அவர்கள் கையிலிருந்த வாக்கைப் பிடுங்கினார்கள். வெளியிலிருந்து வரும் விடுதலைப் பேச்சை மோர்மன் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகத்தோடு கேட்பதற்கு இந்த நினைவு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வாக்கைத் திரும்பப் பெற அவர்கள் போராடினார்கள். ‘வுமன்ஸ் எக்ஸ்பொனன்ட்’ என்று பெண்களே நடத்திய செய்தித்தாள் 1872 முதல் 1914 வரை வந்தது. நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்த எமலின் வெல்ஸ் பலதார மணத்தில் வாழ்ந்தவர், அதே நேரத்தில் தேசிய வாக்குரிமை இயக்கத்தின் தோழி. 1896-ல் உட்டா மாநிலமானபோது அதன் அரசியலமைப்பிலேயே பெண் வாக்குரிமை எழுதப்பட்டது. ஆண் பெண் குடிமக்கள் இருபாலரும் குடிசார், அரசியல், சமய உரிமைகளையும் சலுகைகளையும் சமமாக அனுபவிப்பார்கள் என்ற வாசகம் நான்காம் பிரிவில் இன்றும் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் மாநில செனட் தேர்தல். மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற மருத்துவர் ஜனநாயகக் கட்சிக்காக நின்றார். எதிர்ப்பக்கம் குடியரசுக் கட்சிப் பட்டியலில் அவருடைய கணவர் ஆங்கஸ் கேனன். கணவருக்கு ஆறு மனைவியர், மார்த்தா நான்காமவர். கணவரைவிட அதிக வாக்கு பெற்று மார்த்தா வென்றார். நாட்டின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார். எமலின் வெல்ஸும் அதே தேர்தலில் குடியரசுக் கட்சிப் பட்டியலில் நின்று தோற்றார். 2024 டிசம்பரில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் உட்டாவின் சார்பில் மார்த்தாவின் சிலை வைக்கப்பட்டது. வைத்தது பழமைவாத உட்டாதான். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த, கணவரையே தேர்தலில் முந்திய ஒரு பெண்ணை அது தன் முகமாக நிறுத்தியிருக்கிறது. இந்த ஊரில் முற்போக்குப் பெண் அந்நிய விதை என்று யாராவது சொன்னால் அந்தச் சிலையைக் காட்டலாம்.

இருபதாம் நூற்றாண்டிலும் அந்த மரபு தொடர்ந்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு உட்டா நான்கு முறை வாக்களித்தது. 1948-ல் ரேவா பெக் போசோன் என்ற ஜனநாயகக் கட்சிப் பெண்ணை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. உட்டாவின் புரோவோ நகரில் மோர்மன் குடும்பத்தில் பிறந்து, சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்த எஸ்தர் பீட்டர்சன், தொழிற்சங்கக்காரராகி, கென்னடி ஆட்சியில் தொழிலாளர் துறையின் உயர் பொறுப்புக்கு வந்தார். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற 1963-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

*

திருப்பம் 1970-களில் வந்தது. 1972 மார்ச் மாதம் நாடாளுமன்றம் சம உரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்புதல் தந்தால் அது அரசியலமைப்பில் சேரும். பாலின அடிப்படையில் சட்டத்தின் முன் சம உரிமை மறுக்கப்படக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உட்டா அரசியலமைப்பில் 1896 முதல் இருக்கும் வாசகத்துக்கு உறவுக்கார வாசகம். 1974 நவம்பரில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் உட்டா மக்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தார்கள். அடுத்த மாதம் ஒத்தாசைச் சங்கத்தின் தலைவி அதை எதிர்த்துப் பேசினார். 1975 ஜனவரியில் சபையின் செய்தித்தாள் தலையங்கம் எழுதியது. பிப்ரவரியில் சட்டமன்றம் திருத்தத்தை நிராகரித்தது. மூன்றே மாதங்களில் ஒரு மாநிலத்தின் மனம் மாறியதைப் பார்க்கும்போது, வார்டு என்ற அமைப்பின் வலிமை தெரிகிறது. 1976 அக்டோபரில் சபையின் உச்சத் தலைமையே அதிகாரபூர்வமாக எதிர்ப்பை அறிவித்தது.

1977 ஜூன் மாதம் சால்ட் லேக் சிட்டியில் சர்வதேசப் பெண்கள் ஆண்டை ஒட்டிய மாநில மாநாடு நடந்தது. இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வார்டுக்குப் பத்துப் பெண்கள் என்று சபை வழியாகச் செய்தி போனது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து குவிந்து, தேசியக் குழு அனுப்பிய தீர்மானங்கள் அனைத்தையும் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் மாற்றுக் கருத்தோடு உட்கார்ந்திருந்த மோர்மன் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். கை தூக்கி எதிர்த்தவர்கள் அவளுக்கு முகம் தெரியாத எதிரிகள் அல்லர். அவள் பிரசவத்துக்கு வந்து பத்தியம் சமைத்தவர்கள்.

அந்த 13 ஆயிரம் பேரை யாரோ ஆட்டுவித்த பொம்மைகள் என்று நான் சொல்லமாட்டேன். இல்லத்தரசிக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு போய்விடும், மகள்களைப் போருக்கு அழைப்பார்கள், குடும்பம் சிதையும் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். ஆனால் அந்த அச்சத்தை ஊட்டியவர்கள், எதிர்க் கருத்தைப் பேச வார்டுக்குள் இடம் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பக்கமும் பேசியிருந்தால் முடிவு அதேயாக இருந்திருக்கலாம். மனிதர்கள் தொலைந்திருக்க மாட்டார்கள்.

சோனியா ஜான்சன் வருவது இந்த நேரத்தில். 1978-ல் அவரும் தோழிகளும் ‘சம உரிமைத் திருத்தத்துக்கான மோர்மன்கள்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்த ஜூலை மாதம் வாஷிங்டனில் நடந்த மாபெரும் பேரணியில் ஏறக்குறைய இருபது பேர் மட்டுமே அந்தப் பெயர் எழுதிய பதாகையோடு நடந்தார்கள். ஆகஸ்டில் செனட் துணைக்குழு முன் சோனியா சாட்சியம் சொன்னபோது, உட்டா செனட்டரும் மோர்மனுமான ஓரின் ஹேட்ச் அவரோடு கடுமையாக மோதினார். பிறகு அவர்கள் ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சால்ட் லேக் சிட்டியில் சபையின் பொது மாநாடு நடக்கும்போது, மேலே பறந்த விமானத்தின் வாலில் பதாகை ஒன்று நீண்டது. பரலோகத் தாய் எங்களை நேசிக்கிறாள் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். பரலோகத் தந்தையோடு பரலோகத் தாயும் உண்டு என்பது மோர்மன் நம்பிக்கை. அவளைப் பற்றி மேடையில் அதிகம் பேசமாட்டார்கள். அந்தப் பெண்கள் வெளியிலிருந்து கடன் வாங்கிய சொல் ஒன்றையும் வானத்தில் பறக்கவிடவில்லை. தங்கள் தாய்வீட்டு நம்பிக்கையையே பறக்கவிட்டார்கள்.

நீக்கத்துக்குப் பிறகு சோனியா திரும்பிப் பார்க்கவில்லை. அதே காலத்தில் அவருடைய மணவாழ்வும் முறிந்தது. 1980-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் புதிய மோர்மன் ஆலயத்தின் வாயிலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடிய பெண்களோடு கைதானார். 1982-ல் இல்லினாய் மாநிலத் தலைநகரில் 37 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1984-ல் சிறு கட்சி ஒன்றின் சார்பில் அதிபர் தேர்தலிலும் நின்றார். 1982 ஜூன் 30-ல் காலக்கெடு முடிந்தபோது திருத்தத்துக்கு 35 மாநிலங்களே இருந்தன; மூன்று குறைந்தன. 38-ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்தது வர்ஜீனியா, 2020-ல், காலக்கெடு கடந்து ஏறக்குறைய 38 ஆண்டுகளுக்குப் பிறகு. சோனியாவை விசாரித்த தேவாலயம் இருந்த அதே வர்ஜீனியா.

*

எல்லாரும் சோனியாவைப் போல வெளியேறவில்லை. வெளியேறாதவர்களைக் கோழைகள் என்று சொல்லும் பழக்கம் முற்போக்கு வட்டாரங்களில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

பாஸ்டன் பகுதியில் வாழ்ந்த சில மோர்மன் இல்லத்தரசிகளும் மாணவிகளும் 1970-களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் வைட்னர் நூலகத்தில் பழைய ‘வுமன்ஸ் எக்ஸ்பொனன்ட்’ இதழ்களின் தொகுப்பைக் கண்டெடுத்தார்கள். பிள்ளைகளைப் பெற்று வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், தங்கள் பாட்டிமார் நூறாண்டுக்கு முன்பு வாக்குரிமை பற்றியும் கல்வி பற்றியும் எழுதியதைப் படித்தார்கள். 1974-ல் ‘எக்ஸ்பொனன்ட் 2’ என்ற பெயரில் தாங்களே ஓர் இதழைத் தொடங்கினார்கள். கிளாடியா புஷ்மன் முதல் ஆசிரியர். பின்னாளில் வரலாற்று ஆய்வுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற லாரல் தாட்சர் உல்ரிக்கும் அந்தக் குழுவில் ஒருவர். அந்த இதழ் இன்றும் வருகிறது. சபையை விட்டு விலகவும் இல்லை, கேள்வியை நிறுத்தவும் இல்லை என்று ஐம்பது ஆண்டுகள் இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

அந்தப் பொறுமைக்கும் சோதனை வந்தது. 1993 மே மாதம், சபையின் மூத்த அப்போஸ்தலர்களில் ஒருவரான பாய்ட் பேக்கர் சபையை எதிர்நோக்கும் மூன்று ஆபத்துகளைப் பட்டியலிட்டார்: தன்பாலின ஈர்ப்பாளர் இயக்கம், பெண்ணிய இயக்கம், அறிவுஜீவிகள். அந்தச் செப்டம்பரில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக ஆறு பேர் மீது நடவடிக்கை. அவர்களில் மூவர் பெண்கள்: லாவினா ஃபீல்டிங் ஆண்டர்சன், மாக்சின் ஹாங்க்ஸ், லின் கனாவெல் வைட்சைட்ஸ். சபை வரலாற்றில் இவர்களைச் செப்டம்பர் ஆறு பேர் என்றே குறிப்பிடுகிறார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து அடுத்த தலைமுறை எழுந்தது. 2012 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்சட்டை அணிந்து தேவாலயம் போவோம் என்று சில பெண்கள் அழைப்பு விடுத்தார்கள். கால்சட்டைக்குத் தடை எதுவும் கிடையாது, வழக்கம் மட்டும்தான் பாவாடை. அதற்கே கொலை மிரட்டல் வரை வந்தது. பொது மாநாட்டில் ஒரு பெண் ஜெபம் சொல்லட்டும் என்று கடிதங்கள் போயின. 2013 ஏப்ரல் 6 அன்று ஜீன் ஸ்டீவன்ஸ் மாநாட்டு மேடையில் ஜெபம் சொன்னார். 183 ஆண்டுகால வரலாற்றில் முதல் பெண். அதே ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆண்களுக்கான ஆசாரியத்துவக் கூட்டத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியாக வாசல்வரை போய், இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் போராட்டத்தை முன்னெடுத்த மனித உரிமை வழக்கறிஞர் கேட் கெல்லி 2014 ஜூன் மாதம் நீக்கப்பட்டார். நீக்கியது மறுபடியும் ஒரு வர்ஜீனியா வார்டு. அவர் அப்போது அங்கே குடியிருக்கவும் இல்லை.

இன்னொரு கூட்டத்தைத் தாய்மை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. மகனோ மகளோ தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரிந்த நாளில் அதுவரை பழமைவாதிகளாகவே வாழ்ந்த எத்தனையோ மோர்மன் தாய்மார் தங்கள் நம்பிக்கைகளை எடுத்து மறுபடி பரிசீலித்தார்கள். பிள்ளையைக் காக்க நெருப்பைக் கக்கவும் தயார் என்று, தாய் டிராகன்கள் என்ற பொருளில் தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இவர்கள் கொள்கை நூல் படித்து மாறியவர்கள் அல்லர். பெற்ற வயிறு மாற்றியது.

*

அரசியலில் இப்படிப்பட்ட பெண்ணின் அன்றாடச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். உட்டாவில் பெரும்பாலான தொகுதிகளில் குடியரசுக் கட்சி வேட்பாளரே வெல்வார். உண்மையான போட்டி அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடுகிறது. அதில் வாக்களிக்கக் குடியரசுக் கட்சிக்காரராகப் பதிந்திருக்க வேண்டும். ஆகவே முற்போக்குப் பெண்களில் பலர் மனமில்லாமல் அந்தக் கட்சியில் பதிந்துகொண்டு, வருகிறவர்களில் மிதமானவரைத் தேர்ந்தெடுக்க முயல்கிறார்கள். 2020 ஆளுநர் தேர்தலின்போது இப்படிக் கட்சி மாறிப் பதிந்தவர்கள் பெருகினார்கள். அடுத்த ஆண்டே, தேர்தல் ஆண்டில் மார்ச் மாதத்துக்குப் பிறகு கட்சி மாறிப் பதிய முடியாதபடி சட்டமன்றம் சட்டம் போட்டது.

2016-ல் டிரம்ப் உட்டாவில் வென்றாலும் 45 விழுக்காட்டு வாக்குதான் பெற்றார். மோர்மனான சுயேச்சை வேட்பாளர் ஈவன் மக்மல்லின் 21 விழுக்காடு எடுத்தார். அந்தக் கலக்கத்திலிருந்து 2017 ஜனவரியில் ‘அறநெறி ஆட்சிக்கான மோர்மன் பெண்கள்’ என்ற அமைப்பு பிறந்தது. கட்சி சார்பற்றது, அதில் குடியரசுக் கட்சிப் பெண்களும் உண்டு. 2018-ல் தொகுதி எல்லைகளை நடுநிலைக் குழு வரைய வேண்டும் என்று மக்கள் மயிரிழையில் வாக்களித்திருந்தார்கள். சட்டமன்றம் அதை நீர்த்துப்போகச் செய்து, 2021-ல் ஜனநாயகக் கட்சி வாக்குகள் நிறைந்த சால்ட் லேக் மாவட்டத்தை நான்கு தொகுதிகளுக்குப் பிரித்துப் போட்டது. இந்தப் பெண்கள் பெண் வாக்காளர் சங்கத்தோடு சேர்ந்து 2022-ல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலையில் உட்டா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் பேசியது. 2025-ல் கீழ் நீதிமன்றம் பழைய வரைபடத்தைத் தள்ளுபடி செய்து, நவம்பரில் வழக்குத் தொடுத்தவர்கள் தந்த வரைபடத்தை ஏற்றது. ஒத்தாசைச் சங்கத்தில் கற்ற வேலைதான் இது. பட்டியல் போடுவது, வீடு வீடாகப் போவது, சோர்ந்தவளைத் தூக்கி நிறுத்துவது. 1977-ல் 13 ஆயிரம் பெண்களை ஒரே மாநாட்டுக்குத் திரட்டிய அதே கைத்திறன்.

சபையின் குரலும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. வேட்பாளரை ஆராயாமல் வழக்கத்தின் பேரில் ஒரே கட்சிக்கு வாக்களிப்பது ஜனநாயகத்துக்கு அச்சுறுத்தல் என்று 2023 ஜூன் மாதம் அமெரிக்க வார்டுகள் அனைத்திலும் வாசிக்கும்படி தலைமை கடிதம் அனுப்பியது. முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்ட எத்தனையோ பெண்களுக்கு, வாழ்நாளில் முதல்முறையாகத் தாங்களும் இந்தக் கூரைக்கு உரியவர்கள் என்று தோன்றியிருக்கும்.

இவர்கள் அனைவரிலும் நான் அடிக்கடி நினைப்பது லாவினா ஃபீல்டிங் ஆண்டர்சனை. மாற்றுக் கருத்துக் கொண்ட அறிஞர்களையும் பெண்ணியவாதிகளையும் சபை அதிகாரிகள் எப்படி அச்சுறுத்தினார்கள் என்பதை நாள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டதுதான் அவர் செய்த குற்றம். 1993-ல் நீக்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் தன் வார்டுக்குப் போனார். நீக்கப்பட்டவர் வழிபாட்டில் உட்காரலாம், மேடையில் ஜெபிக்கவோ பேசவோ முடியாது, திருவிருந்தும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் ரொட்டித் தட்டையும் தண்ணீர்க் குவளைகளையும் வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஒருவர் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். லாவினாவின் முறை வரும்போது எடுக்காமல் கடத்திவிட வேண்டும். ஒரு தலைமுறைப் பையன்கள் வளர்ந்து, அவர்களுடைய பிள்ளைகள் தட்டு ஏந்தும் வயது வரும்வரை அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். வார்டும் அவரைத் தன் ஆளாகவே வைத்திருந்தது. உள்ளூர் அதிகாரிகளே பரிந்துரைத்து, மீண்டும் ஞானஸ்நானம் கேட்டு விண்ணப்பித்தார்கள். 2019-ல் உச்சத் தலைமை மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். 2023 அக்டோபரில், 79 வயதில் இறந்தார்.